வெக்கையில வளர்த்த பறவை செத்துப் போச்சா? முதல்ல இதப் பண்ணுங்க

மதியம் வரைக்கும் கத்திட்டு இருந்த லவ் பேர்ட் சாயங்காலம் கூண்டு அடியில கெடக்கும், அதப் பாத்ததும் கையும் ஓடாது காலும் ஓடாது. ஆனா கூட இன்னொண்ணு இருந்தா அழறதுக்கு முன்னாடி அதப் பாருங்க, ஒண்ண சாய்ச்ச வெக்கை அடுத்ததையும் சாய்ச்சிடும். வாயத் திறந்து மூச்சு வாங்குதா, றெக்கைய ஒடம்போட ஒட்டாம விரிச்சு வச்சிருக்கா, தள்ளாடுதா? உடனே காத்தோட்டமான நிழலுக்கு மாத்தி, சாதா தண்ணிய றெக்கையிலயும் காலுலயும் லேசா ஸ்ப்ரே பண்ணுங்க. ஐஸ் தண்ணி வேண்டாம். வாயில தண்ணி ஊத்தவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். அப்புறம் பறவை பாக்குற டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க.

செத்தது வெயில்னாலயா நோய்னாலயானு சந்தேகம் இருந்தா போஸ்ட்மார்ட்டம் பண்ணலாம், அதுவரைக்கும் ஒடம்ப கவர்ல சுத்தி ஃப்ரிட்ஜ்ல தனியா வைங்க, ஃப்ரீசர்ல வைக்காதீங்க. சந்தேகம் இல்லனா ஆழமா குழி தோண்டிப் புதைச்சிடுங்க.

அடுத்து குற்ற உணர்ச்சி, இதுதான் ரொம்ப நாள் போட்டு அரிக்கும். நான் கூண்ட ஜன்னலோரம் வச்சிருந்தேன், காலையில நல்ல நிழல், மதியம் வெயில் அந்தப் பக்கம் திரும்பும்னு யோசிக்கவே இல்ல. பறவைக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது, அதோட ஒடம்பு சூடு சாதாரணமாவே 40 டிகிரிக்கு மேல, அதனால கொஞ்சம் ஏறினாலே தாங்காது, அதுவும் முடியலனு கடைசி வரைக்கும் வெளிய காட்டிக்காது. இது தெரிஞ்சப்புறம் வலி போகல, ஆனா வேணும்னு பண்ணலங்கறது எனக்கே புரிஞ்சுது. கூண்ட இடம் மாத்தினேன், மதியத்துல வந்து ஒரு தடவ பாக்குறேன்.

ஜோடிய இழந்தது கூப்பிட்டுக்கிட்டே இருக்கும், இல்லனா ஒரு மூலையில உக்காந்துக்கும். தெனமும் கிராம் தராசுல எடை பாருங்க, சின்னப் பறவை ஒரு நாள் சாப்பிடலனாலே ஆபத்துதான். பரிதாபப்பட்டு மறுநாளே புதுசு வாங்கிட்டு வந்து அதே கூண்டுல விடாதீங்க, குறைஞ்சது ஒரு மாசமாவது வேற ரூம்ல வச்சுப் பாக்கணும்.

பசங்ககிட்ட பறந்து போயிடுச்சுனு சொல்லாதீங்க ப்ளீஸ், தெனமும் ஜன்னல்ல நின்னு தேடுவாங்க. செத்துப் போச்சுனே சொல்லி, கூட உக்காந்து அழுங்க.

கூண்டக் கழுவினப்போ எல்லாத்தையும் எடுத்துட்டேன், பறவை கொத்துறதுக்குக் கூண்டுல மாட்டுற கணவாய் ஓடு, கடல் நுரைனு சொல்லுவாங்களே, அத மட்டும் தூக்கிப் போட மனசு வரல, அதோட அலகு கொத்தின பள்ளம் இன்னும் அதுல இருக்கு.