வெளிநாட்டில் கால்நடை மருத்துவம்: உரிமத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிடுதல்

வெளிநாடு சென்று கால்நடை மருத்துவம் படிக்க விரும்புவோர் பலர் கல்லூரியின் பெயரிலோ கட்டணத்திலோ தேடலைத் தொடங்குகிறார்கள். அவற்றுக்கு முன்பே விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: படித்து முடித்தபின் எந்த நாட்டில் தொழில் செய்யப் போகிறீர்கள்? விலங்குகளுக்குச் சிகிச்சை அளிக்கவும் அறுவை செய்யவும் பட்டம் மட்டும் போதாது. அந்தந்த நாட்டின் பதிவு அமைப்பு உங்கள் பட்டத்தை ஏற்று உரிமம் வழங்க வேண்டும். ஒரு நாட்டில் முழு மதிப்புள்ள பட்டம், இன்னொரு நாட்டில் மேலும் சில தேர்வுகளை எழுதுவதற்கான தகுதியாக மட்டுமே கொள்ளப்படுவது இத்துறையில் சாதாரணம். ஆகவே உரிமத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற கல்லூரியைத் தேடுவதே பாதுகாப்பான வழி.

வட அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமான ஏ.வி.எம்.ஏ.வின் கல்விக் குழு, அமெரிக்க, கனடியக் கல்லூரிகளோடு பிற நாடுகளில் உள்ள சில கல்லூரிகளையும் ஆய்வு செய்து அங்கீகரிக்கிறது. லண்டனின் ராயல் வெட்டரினரி காலேஜ், எடின்பரோ, கிளாஸ்கோ, மெல்பர்ன், நியூசிலாந்தின் மாசி ஆகிய பல்கலைக்கழகங்கள், டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி போன்றவை அந்தப் பட்டியலில் இடம்பெற்றவை. இவற்றில் படித்தவர், அமெரிக்கக் கல்லூரியில் படித்தவரைப் போலவே, 360 வினாக்கள் கொண்ட என்.ஏ.வி.எல்.இ. என்னும் உரிமத் தேர்வை எழுதி, தாம் தொழில் செய்ய விரும்பும் மாநிலத்தில் உரிமம் கோரலாம். பட்டியலில் இல்லாத கல்லூரியில் படித்தவரோ, உரிமம் பெறுவதற்கு முன் இ.சி.எஃப்.வி.ஜி. அல்லது பேவ் என்னும் தகுதிச் சான்றுத் திட்டங்களில் ஒன்றையும் முடித்தாக வேண்டும். இ.சி.எஃப்.வி.ஜி.யில் பட்டச் சரிபார்ப்பு, ஆங்கிலத் திறன், எழுத்துத் தேர்வு, விலங்குகளை நேரில் கையாண்டு திறனைக் காட்டும் செயல்முறைத் தேர்வு என நான்கு படிகள் உள்ளன. அந்தக் கடைசிப் படிக்குப் பணமும் காலமும் நிறையவே ஒதுக்க வேண்டியிருக்கும்.

பிரிட்டனில் இந்தப் பொறுப்பு ஆர்.சி.வி.எஸ். என்னும் பதிவு அமைப்பிடமும், ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கல்லூரிகளுக்கான அங்கீகாரம் ஏ.வி.பி.சி. என்னும் அமைப்பிடமும் உள்ளது. ஏற்கப்படாத பட்டத்துடன் வருவோருக்கு இவை தனித் தகுதித் தேர்வு நடத்துகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005ஆம் ஆண்டின் 36ஆம் எண் நெறிமுறை, குறைந்தது ஐந்தாண்டு முழுநேரப் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவரின் பட்டத்தை உறுப்பு நாடுகள் தமக்குள் தாமாகவே ஏற்க வழிசெய்கிறது. ஆனால் அது ஒன்றிய நாடுகளின் குடிமக்களை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. வேறு நாட்டுக் குடியுரிமை உடையவர், தமக்கும் அதே சலுகை கிடைக்குமா என்பதைத் தாம் பணிபுரிய விரும்பும் நாட்டின் பதிவு அமைப்பிடமே எழுத்து மூலமாகக் கேட்டுப் பெற வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அங்கீகாரம் பற்றிய செய்தியைச் சேர்க்கை முகவரிடமிருந்தோ கல்லூரியின் விளம்பர ஏட்டிலிருந்தோ மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கீகரிக்கும் அமைப்பு தானே வெளியிடும் பட்டியலைப் பாருங்கள். அங்கீகாரம் நிலையானதும் அன்று. ஏ.வி.எம்.ஏ. அதிகபட்சம் ஏழாண்டுகளுக்கு ஒருமுறை மறு ஆய்வு செய்கிறது. புதிதாகத் தொடங்கிய கல்லூரிகள், முதல் அணி மாணவர்கள் பட்டம் பெறும் கட்டத்தில்தான் முழு அங்கீகாரம் பெறும். நீங்கள் சேரும் ஆண்டின் நிலையோடு, பட்டம் பெறும் ஆண்டில் அது எப்படி இருக்கும் என்பதையும் கல்லூரியிடம் கேளுங்கள். இடையில் வேறு கல்லூரிக்கு மாறிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் சேர வேண்டாம். ஒரு பாடத்திட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது இத்துறையில் மிகக் கடினம்.

படிப்பின் அமைப்பும் நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரிட்டனில் பள்ளி முடித்தவர் நேரடியாகச் சேரலாம். பொதுவாக ஐந்தாண்டு, கேம்பிரிட்ஜில் ஆறாண்டு. அமெரிக்காவில் உயிரியல், கரிம வேதியியல், உயிர்வேதியியல், இயற்பியல், புள்ளியியல் போன்ற முன்தகுதிப் பாடங்களைக் கல்லூரி அளவில் முடித்த பின்பே நான்காண்டுப் படிப்பு தொடங்கும். அங்குள்ள கல்லூரிகளில் சில வெளிநாட்டு மாணவர்களை ஏற்பதே இல்லை. கரீபியத் தீவுகளில் உள்ள ராஸ், செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகங்களில் தொடக்கப் பருவங்களைத் தீவில் படித்து, இறுதி மருத்துவமனைப் பயிற்சியைப் பிற நாட்டுக் கல்லூரிகளில் பெறுவார்கள்.

மத்திய ஐரோப்பாவில் புடாபெஸ்ட், ஸ்லோவாக்கியாவின் கோசிட்சே, செக் நாட்டின் பிர்னோ ஆகிய நகரங்களின் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகங்கள் ஆங்கில வழியிலும் கற்பிக்கின்றன. புடாபெஸ்டில் படிப்பு பதினோரு பருவங்கள். இங்கே சேர்க்கைக்கு உயிரியலிலும் வேதியியலிலும் உள்ள அடிப்படையே பெரிதும் பார்க்கப்படுகிறது. பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், மருத்துவமனைக்கு நாயைத் தூக்கி வருபவரும் மாட்டுப் பண்ணை நடத்துபவரும் உள்ளூர் மொழியில்தான் பேசுவார்கள். நோயின் வரலாற்றை உரிமையாளரிடம் கேட்டறிவதுதான் நோயறிதலின் முதற்பாதி. அந்த மொழியைத் தொடக்க ஆண்டுகளிலேயே கற்காதவர் இறுதியாண்டில் ஓரமாக நின்று பார்ப்பவராகிவிடுவார். மொழி வகுப்பை ஒப்புக்கு முடித்துவிடாதீர்கள்.

விண்ணப்பத்திற்கு ஓராண்டுக்கும் மேலாக முன்கூட்டியே தயாராக வேண்டும். பிரிட்டனில் யூகாஸ் என்னும் பொது விண்ணப்ப அமைப்பின் வழியாக அக்டோபர் 15ஆம் தேதிக்குள், அதாவது படிப்பு தொடங்குவதற்கு ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே, விண்ணப்பிக்க வேண்டும். கால்நடை மருத்துவத்திற்கு நான்கு கல்லூரிகளை மட்டுமே தெரிவு செய்யலாம். அமெரிக்காவில் பெரும்பாலான கல்லூரிகளுக்கு வி.எம்.சி.ஏ.எஸ். என்னும் பொது விண்ணப்பம் உண்டு. வெளிநாட்டு மதிப்பெண் பட்டியலை மதிப்பீடு செய்து வாங்கவே வாரக்கணக்கில் ஆகும்.

மதிப்பெண்ணுக்கு இணையாகக் கல்லூரிகள் எடைபோடுவது விலங்குகளுடனான அனுபவம். நாய், பூனை மருத்துவமனையில் மட்டும் நின்றது போதாது. பால்பண்ணை, ஆட்டுப்பட்டி, குதிரை லாயம், விலங்குக் காப்பகம் எனப் பல இடங்களில் பணிசெய்து, ஒவ்வொரு நாளும் கண்டதைக் குறித்துவைத்து, பொறுப்பாளரிடம் சான்றும் பெற்றுக்கொள்ளுங்கள். நேர்காணலில் விலங்குகள் மீது உள்ள அன்பைப் பற்றிப் பேசுவோர் எல்லோரும்தான்; கன்றுகளை எந்த வயதில் தாயிடமிருந்து பிரித்தார்கள், ஏன், அதன் நன்மை தீமை என்ன என்று சொல்லத் தெரிந்தவரைத் தேர்வாளர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள். பணமில்லாத உரிமையாளர், கருணைக்கொலை போன்ற கடினமான கேள்விகளும் வரும்.

செலவைக் கணக்கிடும்போது கல்விக் கட்டணம் ஆண்டுதோறும் உயருமா, சேரும்போது உள்ள தொகையே நீடிக்குமா என்று முதலில் கேளுங்கள். விடுமுறைகளில் கட்டாயமாகச் செய்ய வேண்டிய வெளிப்பயிற்சிக்குப் பயணம், தங்குமிடம் ஆகியவை பெரும்பாலும் மாணவர் செலவு. பண்ணைகள் பேருந்து போகாத இடங்களில் இருப்பதால் கார் ஓட்டும் உரிமமும் தேவைப்படலாம். மாணவர் விசா பகுதிநேர வேலையை அனுமதித்தாலும், காலை முதல் மாலை வரை வகுப்பும் அதன்பின் உடற்கூறியல் படிப்புமாக நாள் முடிவதால், அந்த வருமானத்தை நம்பி வரவு செலவுத் திட்டம் போடுவது ஆபத்தானது.

இறைச்சிக்கூடப் பயிற்சியும் பிணப்பரிசோதனையும் பாடத்திட்டத்தின் பகுதிகள். உணவுப் பாதுகாப்பு கால்நடை மருத்துவரின் சட்டப்பூர்வக் கடமை என்பதால் ஐரோப்பாவில் இவற்றைத் தவிர்க்க முடியாது. உணவு நெறியோ சமய நெறியோ இடையூறாகுமானால் சேர்வதற்கு முன்பே கல்லூரியிடம் பேசிவிடுவது நல்லது. தடுப்பூசியையும் புறப்படும் முன் கவனிக்க வேண்டும். ரேபிஸ் முன்காப்புக்கு உலக சுகாதார நிறுவனம் ஏழு நாள் இடைவெளியில் இரண்டு ஊசிகளைப் பரிந்துரைக்கிறது. ஆஸ்திரேலியாவில், ஆடு மாடுகளிடமிருந்து தொற்றும் கியூ காய்ச்சலுக்கான தடுப்பூசியும் கேட்கப்படும். ஏற்கெனவே அக்கிருமியின் தொடர்பு ஏற்பட்டவருக்கு ஊசி கடுமையான எதிர்வினையைத் தரக்கூடும் என்பதால், முதலில் தோல் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். ஆடு மாடுகளோடு வளர்ந்தவர் இதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

இறுதியாண்டில் உரிமத் தேர்வுக்கான பதிவுத் தேதியையும் விசா முடியும் தேதியையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, இடையில் இடைவெளி விழாமல் திட்டமிடுங்கள். கல்லூரியை விட்டு வெளியேறும் முன் முத்திரையிட்ட மதிப்பெண் பட்டியல், பாடவாரியான விரிவான பாடத்திட்டம், பயிற்சிக் குறிப்பேடு, நன்னடத்தைச் சான்று ஆகியவற்றைப் பல படிகள் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் வேறொரு நாட்டில் பதிவு செய்ய முனையும்போது அந்த அமைப்பு முதலில் கேட்பவை இவையே.