வைரஸ் வந்துவிட்டது என்று தெரிந்ததும் நான் செய்யும் வேலைகள்

போன வாரம் சித்தி பதறிப்போய் போன் செய்தார். "டேய், ஸ்கிரீன் ஓரத்துல அஞ்சு வைரஸ் இருக்குன்னு வந்துகிட்டே இருக்குடா. கீழ சுத்தம் பண்ணுன்னு ஒரு பட்டன் இருக்கு, அமுக்கட்டுமா?"

"எதையும் தொடாதீங்க சித்தி. அப்படியே விட்டுடுங்க, வரேன்" என்றேன்.

போய்ப் பார்த்தால், வலது கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டி. கேடயப் படம், சிவப்பு எழுத்து, ஆச்சரியக்குறிகள். ஆனால் பெட்டிக்குள் பொடி எழுத்தில் குரோம் என்று இருந்தது, பக்கத்திலேயே கேள்விப்படாத ஒரு வெப்சைட் முகவரி. உண்மையான ஆன்டிவைரஸ் எச்சரிக்கை குரோம் பெயரில் வராது. எப்போதோ ஏதோ ஒரு சைட் "நீங்கள் ரோபோ இல்லையென்றால் அலவ் அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கிறது, சித்தியும் அழுத்தியிருக்கிறார். அன்றிலிருந்து அந்த சைட் நினைத்தபோதெல்லாம் அவர் திரையில் நோட்டிஃபிகேஷன் அனுப்புகிறது. குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி வாங்கிய சைட்களின் பட்டியலில் அதை நீக்கியதும் பெட்டி வருவது நின்றுவிட்டது. இரண்டு நிமிட வேலை.

சித்தி அந்தப் பட்டனை அமுக்கியிருந்தால் போலி ஆன்டிவைரஸ் ஒன்று இறங்கியிருக்கலாம், அல்லது பணம் கட்டச் சொல்லும் பக்கம் திறந்திருக்கலாம். நான் சுத்தம் செய்து கொடுத்த கம்ப்யூட்டர்களில் கணிசமானவை இப்படிப் பயத்தில் தேடிப் போட்ட "ஆன்டிவைரஸ்"களால் கெட்டவைதான். அதனால் எது வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிற நாளிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

வீட்டு உபயோகத்துக்கு என் முதல் பதில் விண்டோஸுடன் வருகிற டிஃபெண்டர்தான். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் அது முழு ஆன்டிவைரஸாக உள்ளேயே இருக்கிறது. அப்டேட்டை நிறுத்தாமல், க்ராக் சாஃப்ட்வேர் (காசு கட்டாமல் ஓட்ட பூட்டு உடைத்தது) போடாமல் இருக்கும் குடும்பத்துக்கு அது போதும் என்பது என் உறுதியான கருத்து. வேறு ஒன்று வேண்டுமென்றால் விளம்பரத்தை நம்பாமல் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரட்டிவ்ஸ் ஆகிய சோதனைக்கூடங்களின் முடிவுகளைப் பாருங்கள். ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை என்ற மூன்றுக்கும் தலா 6 மதிப்பெண் தருகிறது. மூன்றாவதை நிறைய பேர் கவனிப்பதில்லை. நல்ல ஃபைலை வைரஸ் என்று பிடிக்கிற தவறுகள் அதில்தான் தெரியும். அடிக்கடி பொய்யாகக் கத்துகிற ஆன்டிவைரஸை வீட்டில் யாராவது ஒருவர் ஆஃப் செய்துவிடுவார்.

இலவசம் என்றால் அந்தக் கம்பெனிக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். பயனர்களின் பிரவுசிங் விவரங்களை விற்ற விவகாரத்தில் அவாஸ்ட் கம்பெனி 1.65 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று 2024இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி உத்தரவிட்டது. பிறகு, எப்போதும் ஓடுகிற ஆன்டிவைரஸ் இரண்டை ஒன்றாகப் போடாதீர்கள். ஒன்றோடொன்று மோதி கம்ப்யூட்டரை நகர விடாது.

இனி, உண்மையிலேயே வைரஸ் புகுந்துவிட்டால்.

முதலில் வைஃபையை அணையுங்கள், கேபிள் இருந்தால் பிடுங்குங்கள். அடுத்து வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரிலோ போனிலோ பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். இமெயில் முதலில், பேங்க் அடுத்து, மற்றவை பிறகு. இமெயில் போனால் மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டையும் அதன் வழியாகவே மாற்றிவிடலாம் என்பதால்தான் இந்த வரிசை. இப்போதைய திருட்டு மால்வேர்கள், அதாவது வைரஸ் போன்ற கெட்ட புரோகிராம்கள், நீங்கள் லாகின் செய்திருப்பதை நினைவில் வைக்கும் பிரவுசர் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போகின்றன. பாஸ்வேர்டு இல்லாமலேயே அந்தக் குக்கீயை வைத்து உள்ளே நுழையலாம். அதனால் "எல்லா சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதையும் மறக்காமல் கொடுங்கள்.

ஸ்கேன் ஓட்டும் முன் நான் எப்போதும் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. பக்கத்து வீட்டுப் பையன் ஒரு கேமின் க்ராக்கைப் போட்டிருந்தான். அதோடு வந்த குறிப்பில் "முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்" என்று எழுதியிருந்ததாம். டிஃபெண்டரை ஓட்டினால் ஒன்றுமே இல்லை என்றது, ஆனால் ஃபேன் மட்டும் இரைந்துகொண்டே இருந்தது. விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ். அந்தப் பட்டியலில் ஒரே வரி: சி டிரைவ். டிரைவ் முழுவதையும் பார்க்காதே என்று மால்வேரே எழுதி வைத்துவிட்டிருந்தது. அந்த வரியை நீக்கிவிட்டு ஓட்டியபோது வரிசையாகப் பிடித்தது. நீங்களே சேர்க்காத எதுவும் அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது.

அடுத்து ஃபுல் ஸ்கேன். அது முடிந்ததும் ஸ்கேன் ஆப்ஷன்ஸில் உள்ள ஆஃப்லைன் ஸ்கேன். திறந்திருக்கும் வேலைகளை சேவ் செய்துகொள்ளுங்கள், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். சுமார் 15 நிமிடம் ஆகும். விண்டோஸ் முழுதாக எழுந்திருக்காத நிலையில் தேடுவதால், ஓடிக்கொண்டிருக்கும்போது ஒளிந்துகொள்கிற மால்வேரும் இதில் மாட்டும். பிறகு நெட்டைத் திரும்பக் கொடுத்து, டிஃபெண்டரை அப்டேட் செய்து இன்னொரு முறை ஓட்டுங்கள். இரண்டாவது கருத்துக்கு மால்வேர்பைட்ஸ் என்ற ஸ்கேனரின் இலவசப் பதிப்பு நல்லது. அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். தேடல் முடிவில் மேலே வரும் விளம்பர லிங்க்கைத் தொட வேண்டாம்.

ஸ்கேன் சுத்தம் என்றாலும் எச்சம் கிடக்கும். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதி, பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள் இரண்டையும் பாருங்கள். மால்வேர் போன பிறகு நெட் வேலை செய்யவில்லை என்றால் நெட்வொர்க் செட்டிங்ஸில் ப்ராக்ஸியை, அதாவது நெட் போக்குவரத்தை இடையில் வாங்கி அனுப்பும் சர்வரின் முகவரியைப் பாருங்கள். மால்வேர் மாற்றி வைத்த முகவரி அப்படியே நிற்கும்.

ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கிற ரான்சம்வேர் என்றால் பூட்டிய ஃபைல்களை அழிக்காதீர்கள். நெதர்லாந்து போலீஸும் ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோலும் சில பாதுகாப்புக் கம்பெனிகளும் சேர்ந்து 2016இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் சில வகைகளுக்கு இலவசச் சாவி கிடைக்கிறது. இன்று இல்லாத சாவி பிறகு வரலாம்.

பாஸ்வேர்டு திருடும் மால்வேர் என்று தெரிந்தாலோ, நீக்கியது திரும்பி வந்தாலோ நான் மேலும் மல்லுக்கட்ட மாட்டேன். போட்டோ, டாக்குமென்ட் மட்டும் வெளி ஹார்ட்டிஸ்க்கில் எடுத்துக்கொள்வேன். செட்டப் ஃபைல் ஒன்றுகூட வேண்டாம். பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் ரீசெட் திஸ் பிசி, அதில் எல்லாவற்றையும் அழித்துவிடும் ரிமூவ் எவ்ரிதிங். முடிந்ததும் முதல் வேலை விண்டோஸ் அப்டேட், பிறகு அந்த ஹார்ட்டிஸ்க்கை ஸ்கேன் செய்து ஃபைல்களைத் திரும்பப் போடுவேன். போட்டு முடித்ததும் ஹார்ட்டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவேன். செருகியே இருக்கும் பேக்கப்பை ரான்சம்வேர் அதோடு சேர்த்தே பூட்டிவிடும்.