உடுப்பு உலர்த்தும் இயந்திரம் பிழைக்குறியீடு காட்டினால்: போர்ட்டை மாற்றுவதற்கு முன் செய்யவேண்டிய சோதனைகள்

வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து நிற்கும் எங்கள் தொடர்மாடியில், மேல்வீட்டு அக்காவின் உடுப்பு உலர்த்தும் இயந்திரம் ஒரு மழைக்காலத்தில் நின்றுபோனது. தொடங்கிய எட்டாவது நிமிடத்தில் ஓசை எழுப்பி நின்று, திரையில் ஒரு பிழைக்குறியீட்டைக் காட்டியது. வந்து பார்த்த திருத்துநர் போர்ட் (இயந்திரத்தை இயக்கும் மின்சுற்றுப் பலகை) பழுதாகிவிட்டது என்று சொல்ல, அக்காவும் அதை நம்பிப் புதிய போர்ட்டுக்குப் பணம் கொடுத்தார். மூன்றாம் நாள் அதே எட்டாவது நிமிடத்தில் அதே குறியீடு மீண்டும் வந்தது. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, வெப்பநிலையை உணரும் தெர்மிஸ்டருக்குப் போகும் சிறிய இணைப்பியின் முள் ஒன்றில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. முள்ளைச் சுத்தம் செய்து இணைப்பியை இறுக்கமாகப் பொருத்தியதும் இயந்திரம் ஓடியது, இன்றும் ஓடுகிறது.

இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியது அந்தப் பச்சைக் களிம்புதான். கட்டுப்பாட்டுப் போர்ட் தனக்குக் கிடைக்கும் தகவலை வைத்தே முடிவெடுக்கிறது. தெர்மிஸ்டர், ஈரத்தை உணரும் உலோகப் பட்டைகள், கதவுச் சுவிட்ச், துணியிலிருந்து பிரியும் நீர் சேரும் தண்ணீர்த் தொட்டியின் மிதவை ஆகியவற்றில் ஒன்று பொய் சொன்னாலும், இடையிலுள்ள வயர் ஒன்று அறுந்தாலும், போர்ட் இயந்திரத்தை நிறுத்திக் குறியீட்டைக் காட்டும். அக்குறியீடு எந்தச் சுற்றில் குறை உள்ளது என்பதை மட்டுமே சொல்கிறது. எந்தப் பாகம் பழுது என்பதைச் சொல்வதில்லை. ஆகவே சோதனையைச் சுவரிலுள்ள பிளக்கிலிருந்து தொடங்கி, வயர்கள், சென்சர்கள் என்று உள்ளே சென்று, போர்ட்டைக் கடைசியாகப் பார்ப்பதே பணத்தையும் பொழுதையும் காக்கும் வழி.

முதலில் பாதுகாப்பு. இயந்திரத்தின் உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் மூடியைத் திறக்காமல் விற்பனை நிலையத்துக்கே அறிவியுங்கள். திறப்பதானால் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பிளக்கைக் கழற்றி, அது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைக்க வேண்டும். நம் நாட்டின் 230 வோல்ட் மின்சாரம் நேர்மின்னாக மாற்றப்படும்போது ஏறத்தாழ 325 வோல்ட்டாக மின்தேக்கிகளில் (மின்னைச் சேமித்து வைக்கும் பாகங்களில்) தங்கும் என்பதால், குறிப்பாக வெப்பப் பம்ப் வகை இயந்திரங்களில், பிளக்கைக் கழற்றிய பிறகும் குறைந்தது 10 நிமிடங்கள் காத்திருங்கள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பல இயந்திரங்களின் போர்ட்டில் மின்மாற்றி கிடையாது. 5 வோல்ட், 12 வோல்ட் என்று குறிக்கப்பட்ட இடங்களும் நேரடியாக வீட்டு மின்சாரத்தோடு தொடுப்புள்ளவை. குறைந்த வோல்ட்தானே என்று எண்ணி, மின்சாரம் ஓடும்போது அவற்றைத் தொட்டால் உயிராபத்து நேரும். கீழே சொல்லப்படும் எல்லா அளவீடுகளும் மின்சாரம் துண்டிக்கப்பட்ட நிலையில், மல்டிமீட்டரின் ஓம் அளவில், அதாவது மின்தடையை அளக்கும் நிலையில், செய்யக்கூடியவை. மின்சாரத்தோடு அளக்க வேண்டிய நிலை வந்தால் தகுதிபெற்ற மின்னியலாளரை அழையுங்கள்.

மூடியைத் திறக்காமலேயே தீரும் குறைகள் உண்டு. பிளக்கைக் கழற்றிப் 10 நிமிடம் கழித்து மீண்டும் போடுங்கள். மின்சாரம் வெட்டி வெட்டி வந்ததால் குழம்பிய போர்ட் இதிலேயே தெளியலாம். குழந்தைப் பூட்டு இயங்குகிறதா, தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கிறதா, பஞ்சு வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தொட்டி வெறுமையாக இருக்கும்போதே நிரம்பிவிட்டது என்ற விளக்கு எரிந்தால், அடியிலுள்ள குழியில் பஞ்சு சேர்ந்து மிதவையையோ பம்பையோ பிடித்திருக்க இடமுண்டு.

அடுத்து பிளக். 2400 வாட் சூடேற்றியுள்ள இயந்திரம் 10 அம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். இதைப் பழைய வட்ட முள் அடப்டர் வழியாகவோ, மெல்லிய எக்ஸ்டென்ஷன் கோட் வழியாகவோ கொடுத்தால், சூடேற்றி இயங்கத் தொடங்கும் கணத்தில் வோல்ட் சரிந்து போர்ட் மயங்கிவிடும். திரை எரிகிறது, உடுப்புத் தொட்டி சுழல்கிறது, ஆனால் சூடு தொடங்கும் கணத்தில் திரை அணைந்து மீண்டும் எரிகிறது என்றால், போர்ட்டைக் குறை சொல்லுமுன் சுவரைச் சந்தேகியுங்கள். பிளக்கைக் கழற்றி அதன் முட்களை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: ஒரு முள் மட்டும் பழுப்பேறி, அதன் அடியிலுள்ள பிளாஸ்டிக் சற்று உருகிச் சாய்ந்திருந்தால், சுவர்ச் சொக்கட்டின் உள்ளே பிடிப்புத் தளர்ந்துவிட்டது. அந்தச் சொக்கட்டை மாற்றும்வரை இயந்திரத்தைப் போடாதீர்கள். சூடு தொடங்கும் கணத்தில் வீட்டின் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது என்றால் கதை வேறு. அநேகமாகச் சூடேற்றியின் சுருள் உடைந்து உலோக உடலைத் தொடுகிறது.

குறியீட்டை எழுதி வையுங்கள். அதைவிட முக்கியம், அது எப்போது வருகிறது என்பது. பொத்தானை அழுத்தியதும் வருவது பெரும்பாலும் கதவு அல்லது அறுந்த சென்சர். சில நிமிடம் ஓடிய பின் வருவது சூடும் காற்றோட்டமும் சார்ந்தது. உடுப்புத் தொட்டி சுழன்றால் மட்டும் வருவது அதிர்வில் விட்டுவிட்டுத் தொடும் வயர். குறியீட்டின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஆகவே ஒரு நிறுவனத்தின் பட்டியலை வைத்து இன்னொன்றைத் திருத்தப் போகாதீர்கள். சில இயந்திரங்களில் திருத்துநருக்கான தாள் ஒன்றை மடித்து மேல்மூடியின் உள்ளேயோ முன்தட்டின் பின்னேயோ ஒட்டி வைத்திருப்பார்கள். அதில் சுற்றுப்படமும் சரியான ஓம் அளவுகளும் இருக்கும். கிடைத்தால் பொன்போலப் பாதுகாக்க வேண்டிய தாள் அது.

இனி தெர்மிஸ்டர். இதற்கு நேரம் கொடுக்கத் தயங்காதீர்கள். சூடு கூடக் கூட இதன் மின்தடை குறையும். பரவலாகப் பாவனையிலுள்ள ஒரு வகை 25 பாகையில் 10 கிலோ ஓம் காட்டும். கொழும்பு அறையின் 30 பாகையில் அது ஏறத்தாழ 8 கிலோ ஓமாக இருக்கும். வேறு அளவுள்ளவையும் உண்டு என்பதால் தாளிலுள்ள எண்ணே இறுதியானது. இணைப்பியைக் கழற்றி, மீட்டரின் இரு முனைகளையும் வைத்துவிட்டு, தெர்மிஸ்டரை உள்ளங்கையில் மூடிப் பிடியுங்கள். 8 கிலோ ஓம் மெல்ல இறங்கி 7ஐத் தாண்டி 6ஐ நெருங்கும். கையை எடுத்தால் மீண்டும் ஏறும். அந்த இறக்கமும் ஏற்றமும் சீராக நடந்தால் தெர்மிஸ்டர் நல்லது. எண் குதித்தாலோ, அசையாமல் நின்றாலோ, சுற்று அறுந்ததைக் குறிக்கும் முடிவிலி காட்டினாலோ அதை மாற்றுங்கள். விலை போர்ட்டின் சிறு பங்குதான்.

தெர்மிஸ்டர் நல்லதென்றால், அதை மீண்டும் செருகிவிட்டு, அந்த வயரின் மறுமுனை இணைப்பியைப் போர்ட்டிலிருந்து கழற்றி, அதே அளவீட்டை அங்கே எடுங்கள். அளந்துகொண்டே வயர்க் கட்டை மெதுவாக அசையுங்கள்; எண் துள்ளினால் குறை வயரில் உள்ளது. கதவருகிலும் உடுப்புத் தொட்டியின் பின்புறத்திலும் வயர் வளையும் இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைக் கடலோரத்தில் உப்புக்காற்று பல்கனி வழியே நேரே உள்ளே வருவதால், இணைப்பிகளில் களிம்பு பிடிப்பது சாதாரணம். பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த மெல்லிய தூரிகையால் முட்களைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மூன்று நான்கு முறை செருகிக் கழற்றினால் உலோகம் உலோகத்தைத் தொடும்.

உடுப்பு ஈரமாக இருக்கும்போதே வேலை முடிந்தது என்று இயந்திரம் நிற்பதும் போர்ட் பழுது என்றே தவறாகக் கருதப்படுகிறது. உடுப்புத் தொட்டியின் வாயருகே இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரத் துணி இரண்டையும் தொடும்போது மின்சாரம் சிறிதளவு கடந்து செல்லும். அதை வைத்தே போர்ட் ஈரத்தை அறிகிறது. துணி மென்மையாக்கும் திரவம் பட்டைகளில் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலமாகப் படிந்தால், ஈரத் துணியும் காய்ந்ததாகவே தோன்றும். வினாகிரி தோய்ந்த துணியால் அழுத்தித் துடைத்து, பின்னர் தண்ணீரால் துடையுங்கள். இவ்வளவு எளிய வேலைக்காகப் புதுப் போர்ட் வாங்கியவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

கதவுச் சுவிட்சை மீட்டரால் சோதிப்பது ஒரு நிமிட வேலை: அழுத்தினால் பூச்சியத்துக்கு அருகில், விட்டால் முடிவிலி. வெப்பப் பாதுகாப்புப் பியூசும் அப்படியே. நல்லதென்றால் பூச்சியம் காட்டும். எரிந்திருந்தால் அதற்குப் பதில் வயரை முறுக்கி இணைத்து ஓட்டுவதை ஒருபோதும் செய்யாதீர்கள். அது வீட்டையே எரிக்கக்கூடும். பியூஸ் எரிந்ததற்குக் காரணமான பஞ்சு அடைப்பை நீக்கிவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். சூடாக ஓடும் இயந்திரம் மின்வெட்டில் நின்றால், குளிர்விக்கும் காற்று நின்றுபோய் உள்சூடு உயர்ந்து இந்தப் பாதுகாப்புகள் விழுவதுண்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதுபோன்ற வேளையில், உடனே கதவைத் திறந்து துணிகளை எடுத்து விரித்துப் போட்டு, பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.

இவை எல்லாம் சரியென்றால் இப்போது போர்ட். இணைப்பிகளைக் கழற்றுமுன் கைத்தொலைபேசியில் பல கோணங்களில் படம் எடுங்கள். ரிலேயின் (போர்ட் இயக்கும் சிறு மின் சுவிட்சின்) கால்களைச் சுற்றியுள்ள ஈயப் பற்றில் மயிரிழை வளையமாக வெடிப்பு இருக்கிறதா, மின்தேக்கியின் தலை வீங்கியிருக்கிறதா, மின்னழுத்தப் பாய்ச்சலைத் தாங்கும் வட்டத் தகடு கருகியிருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பாருங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமின்னலுக்குப் பின் வரும் பழுதுகளில் இந்தத் தகடே முதலில் பலியாகிறது. சூட்டைத் தேடி உள்ளே போன பல்லியோ எறும்புக் கூட்டமோ தடங்களைக் குறுக்கிணைத்துக் கருக்கியிருக்கவும் கூடும். திரை மங்கலாக எரிந்து, ரிலே டிக் டிக் என்று அடித்துக்கொண்டு தொடங்க மறுத்தால், மின்மாற்றியற்ற போர்ட்டில் வீட்டு மின்சாரத்தைக் குறைக்கும் பெட்டி வடிவ மின்தேக்கி தன் கொள்ளளவை இழந்திருப்பது பெரும்பாலான காரணம். அதை மாற்றும்போது அதே மைக்ரோ பரட் அளவும் (கொள்ளளவைக் குறிக்கும் எண்), எக்ஸ்2 என்ற பாதுகாப்புக் குறியும் உள்ளதையே வாங்க வேண்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போகிறவர்கள் பழைய மின்தேக்கியையே கையில் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

போர்ட்டையே மாற்ற நேர்ந்தால், இயந்திரத்தின் மாடல் எண்ணோடு போர்ட்டில் ஒட்டியுள்ள பாக எண்ணையும் ஒப்பிடுங்கள். தோற்றத்தில் ஒன்றாக இருக்கும் இரண்டு போர்ட்டுகளுக்குள் வெவ்வேறு மென்பொருள் இருக்கலாம். சிலவற்றில் உங்கள் மாடலுக்கான பதிவைச் செய்த பிறகே அவை இயங்கும். அதை யார் செய்து தருவார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.

எல்லாவற்றையும் பொருத்தி மூடிய பின், நன்றாகப் பிழிந்த மூன்று துவாய்களைப் போட்டு முழுச் சுற்று ஒன்றை ஓட்டுங்கள். அது ஓடும்போது வீட்டில் இருங்கள். முன்பு குறியீடு வந்த நிமிடத்தைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் கழித்துப் பிளக்கின் பின்பகுதியில் புறங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூட்டுக்கு மேல் சுட்டால் இயந்திரத்தை நிறுத்தி, சொக்கட்டை மாற்ற ஆளை அழையுங்கள்.