சைக்கிள் பயணத்தில் ஓய்வு நாள்: திருமயம் கோட்டைக்குப் போய்வருவது எப்படி?

இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மிதித்துக் காரைக்குடி வந்து சேர்ந்தவர்கள் அங்கே ஒரு நாள் சைக்கிளை நிறுத்தி வையுங்கள். முதல் தடவை நான் அதைச் செய்யவில்லை. "திருமயம் இருபது கிலோமீட்டர்தானே" என்று சைக்கிளிலேயே போய், கோட்டை ஏறி, சைக்கிளிலேயே திரும்பினேன். மறுநாள் தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. பத்துக் கிலோமீட்டர் தாண்டுவதற்குள் புளியமரத்தடியில் படுத்துவிட்டேன்.

படி 1: முந்தின இரவே துணியையும் டயரையும் கவனியுங்கள்

சைக்கிள் டிரவுசரைத் துவைத்துக் காயப்போடுங்கள். அடுத்தது டயர். இந்தப் பக்கம் சாலையோரமெல்லாம் சீமைக்கருவேலம். அதன் முள் டயருக்குள் ஒடிந்து நின்றுகொள்ளும். காற்று உடனே இறங்காது, மறுநாள் நடுவழியில்தான் இறங்கும். டயரைக் கழற்றி உள்பக்கத்தைப் பழைய துணியால் தடவுங்கள். முள் இருக்கும் இடத்தில் துணி மாட்டும். விரலால் தடவாதீர்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

படி 2: பஸ்ஸில் போங்கள்

காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ் திருமயம் வழியாகத்தான் போகும். நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். காலை ஒன்பது மணி வாக்கில் அங்கே இருந்தால் நல்லது. பாறை சூடேறிவிட்டால் ஏறுவது தண்டனைதான்.

படி 3: கோட்டையில் அவசரப்படாதீர்கள்

சாலையோரம், மதிலை ஒட்டிக் கோட்டை பைரவர் இருக்கிறார். வண்டிக்காரர்கள் நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போவார்கள். இரண்டு சக்கரத்தில் ஊர் சுற்றும் நாமும் ஒரு கும்பிடு போடலாம், தப்பில்லை.

ஊரார் இதை ஊமையன் கோட்டை என்பார்கள். கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை இங்கே ஒளிந்திருந்தார் என்று கதை. ஆனால் கோட்டை அவர் காலத்துக்கு நூறு வருடம் மூத்தது: 1687-ல் ராமநாதபுரம் கிழவன் சேதுபதி கட்டியது. கட்டியவர் பெயர் மறந்து, ஒளிந்தவர் பெயர் நிலைத்துவிட்டது.

பெடலில் மாட்டும் ஷூ வேண்டாம், பாறையில் வழுக்கும். பிடிப்புள்ள சாதாரணச் செருப்பு போதும். போகும் வழியில் பாறையைக் குடைந்த சிறு அறை ஒன்று உண்டு, உள்ளே லிங்கம். இரும்பு ஏணியில்தான் ஏற வேண்டும். உச்சிக் கொத்தளத்தில் பீரங்கி இருக்கிறது. அங்கே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக் காற்று வாங்குங்கள். இறங்கும்போதுதான் கவனம் வேண்டும்: சைக்கிள் மிதித்த தொடைக்கு ஏற்றத்தைவிட இறக்கமே வலி. குறுக்காக, மெதுவாக இறங்குங்கள்.

படி 4: நடை சாத்துமுன் கோயில்

அதே குன்றின் அடியில் சத்தியமூர்த்திப் பெருமாளும் சத்தியகிரீசுவரரும் அடுத்தடுத்த குடைவரைகளில் இருக்கிறார்கள். நேரம் குறைவென்றால் பள்ளிகொண்ட பெருமாளை மட்டுமாவது பாருங்கள். மலைப்பாறையிலேயே செதுக்கிய அனந்தசயனம். ஒரே பார்வையில் அடங்காது, தலையிலிருந்து பாதம் வரை கண் நகர்ந்துகொண்டே போக வேண்டும். திருமங்கையாழ்வார் பாடிய 'திருமெய்யம்' இதுதான். 1887-ல் இந்த ஊரில் பிறந்த விடுதலைப் போராட்ட வீரர் சத்தியமூர்த்திக்கும் இந்தப் பெருமாளின் பெயர்தான்.

பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் கோட்டையை பதினொரு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

படி 5: திரும்பி வந்து தூங்குங்கள்

மதியம் காரைக்குடியில் சாப்பாடு. காரம் தாங்காதவர்கள் அன்றைக்கு மட்டும் ரசம், மோர் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். மறுநாள் சீட்டில் உட்கார வேண்டுமே. பிறகு இரண்டு மணி நேரத் தூக்கம். சாயங்காலம் வெள்ளைப் பணியாரம், காரச் சட்னி. (இங்கே காரத்தைப் பற்றிச் சொன்னதை மறந்துவிடலாம்.)

படுக்கப் போகுமுன் இரண்டு டயரையும் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். நேற்று அடித்த காற்று அப்படியே நின்றால் காலை ஐந்தரைக்குக் கிளம்பலாம்.