நீலகிரியிலிருந்து விமானம் பிடிக்கப் போகிறவர்கள் செய்யும் கணக்குத் தவறுகள்

கோவைக்கும் சென்னைக்கும் இடையே வான்வழி தூரம் சுமார் 430 கி.மீ. விமானம் மணிக்கு 800 கி.மீ. போகும், ஆக அரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று பலர் வகுத்துப் பார்க்கிறார்கள். டிக்கெட்டிலோ ஒன்றேகால் மணி நேரம் இருக்கும். விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகர்வது முதல் அந்தப் பக்கம் போய் நிற்பது வரை எல்லாம் அதில் சேர்த்தி. ஓடுபாதைக்காகக் காத்திருப்பது, மேலே ஏறுவது, சென்னையில் இறங்க வரிசையில் சுற்றுவது எல்லாமே அதற்குள் அடங்கும். அந்த 430 கி.மீ. நேர்கோட்டுத் தூரம், விமானம் அப்படியே அந்தக் கோட்டில் பறப்பதில்லை.

வெளிநாட்டு டிக்கெட்டில் புறப்படும் நேரமும் இறங்கும் நேரமும் அந்தந்த ஊர் நேரம். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்துப் பயண நேரம் சொல்லக் கூடாது. கோவையில் அதிகாலை 4 மணிக்கு ஏறி ஷார்ஜாவில் 6.30-க்கு இறங்கினால் பயணம் இரண்டரை மணி இல்லை, நான்கு மணி நேரம். ஷார்ஜா நம்மைவிட ஒன்றரை மணி பின்னால் இருக்கிறது. சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒன்றாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று வளைகுடாவிலிருந்து வரும்போது தள்ளிவிடும், போகும்போது எதிர்க்கும்.

இதையெல்லாம்விட மோசமானது நள்ளிரவுத் தேதி. சனிக்கிழமை 12.40 ஏ.எம். என்று டிக்கெட்டில் இருந்தால் வெள்ளிக்கிழமை இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். சனி சாயங்காலம் பெட்டி கட்டினால் விமானம் எப்போதோ போயிருக்கும், பெரும்பாலும் பணமும் திரும்பாது. வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு என்றால் வெள்ளி இரவு 9.40-க்குப் பீளமேட்டில் உள்ள கோவை விமான நிலையத்தில் நிற்க வேண்டும். ஊட்டியிலிருந்து அங்கே சுமார் 95 கி.மீ.; மலைப்பாதையும் மேட்டுப்பாளையம் நெரிசலும் சேர்ந்தால் மூன்று, மூன்றரை மணி நேரம். வழியில் தாமதமானாலும் சமாளிக்க ஒரு மணி நேரம் கையில் வைத்து, சாயங்காலம் 5 மணிக்கே வண்டி கிளம்பிவிட வேண்டும்.

அந்த மூன்றரை மணியும் நல்ல நாள் கணக்குதான். கோடை சீசனில் ஒருவழிப் பாதையாக்கினால் ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள், அது சுற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர் பாதையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தாலும் அதே கதைதான். அந்த மாதங்களில் காலை விமானம் என்றால் முந்தின இரவே கீழே இறங்கித் தங்கிவிடுங்கள். காசு செலவானாலும் பரவாயில்லை.

கூடலூர், பந்தலூர்க்காரர்கள் யோசிக்காமல் கோவைக்கே டிக்கெட் எடுக்கிறார்கள். ஊட்டி ஏறி மறுபடி இறங்கி 150 கி.மீ. போவதைவிட, நாடுகாணி இறங்கி நிலம்பூர் வழியாகக் கோழிக்கோடு விமான நிலையத்துக்குப் போவது கிட்டம். ஆனால் டிக்கெட் எடுக்கும்போது குறியீட்டை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்: கோவை சிஜேபி, கோழிக்கோடு சிசிஜே. அவசரத்தில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும்.

அப்புறம், ஊருக்கு வரும் சொந்தக்காரர்கள் கோவையில் டாக்ஸி பிடித்தால் அந்த வண்டி நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வேண்டும். விமானம் ஏறுவதற்கு முன்பே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கல்லாறு சோதனைச் சாவடியில் நின்று போனில் தேட வேண்டியிருக்காது.