மலையில் ஓய்வுக்கால வீடு: கன்டெய்னரோ குவிமாடமோ, இந்தத் தவறுகள் வேண்டாம்

மலைமேல் வீடு கட்டுவோர் பெரும்பாலும் இன்றைய உடம்பை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். 60 வயதில் சுலபமாக ஏறும் ஏணியில் 75 வயதில் ஏற முடியாது. கப்பல் சரக்குப்பெட்டியில் அமைக்கும் கன்டெய்னர் வீடோ, அரைக்கோள வடிவக் குவிமாட வீடோ, மண் நிரப்பிய மூட்டைகளை அடுக்கிக் கட்டும் மண்மூட்டை வீடோ, பின்னால் வரும் தொல்லைகளில் பாதிக்கு இதுதான் வேர்.

ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பதைக் கிலோமீட்டரில் அளப்பது முதல் தவறு. பக்கவாதம் வந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஆகவே அளக்க வேண்டியது, ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு மழை இரவில் போய்ச்சேர ஆகும் நேரம். ஆம்புலன்ஸ் கீழிருந்து ஏறி வர வேண்டுமென்றால் அந்த நேரத்தையும் சேருங்கள். எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரத்தைத் தாண்டினால், காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த இடத்தை விட்டுவிடலாம்.

உயரத்தையும் பாருங்கள். 2,500 மீட்டரில் உடம்புக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். நாள்பட்ட நுரையீரல் நோயோ இதயச் செயலிழப்போ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

கன்டெய்னரில் ஏமாற்றுவது அகலம். உள்ளே 2.35 மீட்டர் இருக்கும். இருபுறமும் 5 சென்டிமீட்டர் வெப்பக்காப்பு வைத்து, மேலே பலகையும் அடித்தால் மிஞ்சுவது 2.2 மீட்டர்தான். சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். கட்டிலைப் போட்டதுமே அது காணாமல் போய்விடும். சரி, இரண்டு கன்டெய்னரை ஒட்டிவைத்து நடுச்சுவரை எடுத்துவிடலாம் என்று தோன்றும். எடுக்கலாம், ஆனால் கூரை தொய்யாமல் இருக்க அங்கே இரும்பு உத்தரம் வேண்டும். கன்டெய்னரின் பலம் நான்கு மூலைத்தூண்களிலும் நெளிதகட்டுச் சுவரிலும் இருக்கிறது. ஜன்னலுக்காகத் தகட்டை வெட்டினால், வெட்டிய இடத்தைச் சுற்றிச் சதுரக்குழாய்ச் சட்டம் பற்றவைக்காமல் விடக் கூடாது. மண்ணில் புதைக்கும் யோசனை இன்னும் மோசம். பக்கவாட்டு மண் அழுத்தத்தைத் தாங்குவதற்காக அந்தச் சுவர் செய்யப்படவில்லை, உள்ளே மடங்கிவிடும்.

அடுத்தது ஈரம். இரவில் இரும்பு குளிர்ந்ததும் மூச்சு, சமையல், குளியல் ஆவியெல்லாம் தகட்டின் உள்பக்கத்தில் நீராகப் படியும். கிளாஸ் வூல் எனும் கண்ணாடி இழைப் பஞ்சை மட்டும் திணித்தால் அதன் முதுகுப்புறம் நனைந்து பூஞ்சை பிடிக்கும். உள்பலகையைப் பிரிக்கும்வரை தெரியாது. தகட்டோடு இடைவெளியின்றி ஒட்டும் குளோஸ்டு செல் ஸ்பிரே ஃபோம், அதாவது ஈரத்தை எளிதில் உள்ளே விடாத தெளிப்பு நுரைதான் நம்பகமானது. குளியலறைக்கும் அடுப்படிக்கும் எக்ஸாஸ்ட் விசிறி கட்டாயம். இன்னொன்று: 40 அடி கன்டெய்னர் காலியாகவே 4 டன்னுக்கு அருகில் வரும், அதை ஏற்றிய நீளமான லாரி பல கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பாது. பாதையைப் பார்த்த பிறகே பெட்டியை வாங்குங்கள்.

குவிமாடத்தில் பலகைகள் சேரும் இணைப்புகள் அதிகம். ஒழுகத் தொடங்குவதும் அங்கேதான். எந்த வடிவமானாலும் படுக்கை தரைத்தளத்தில் இருக்கட்டும், மச்சு விருந்தாளிக்கு. கதவு திறந்தால் 90 சென்டிமீட்டர் வழி வேண்டும், ஸ்ட்ரெச்சர் நுழைய அது உதவும். சாய்தளத்துக்கு ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம்.

சோலாரில் வெயில் நாளை வைத்துக் கணக்குப் போடுவது வழக்கமான பிழை. மலையில் தொடர்ந்து பல நாள் மூடுபனி இருக்கலாம். லெட் ஆசிட் பேட்டரியின் கொள்ளளவில் பாதியைத்தான் பயன்படுத்த வேண்டும். அதற்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரமாகக் கெட்டுவிடும், அதனால் அதை வீட்டுக்குள் வையுங்கள். இதையெல்லாம் சரியாகச் செய்பவர்களும் கோட்டைவிடுவது மருத்துவக் கருவியில். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஏறத்தாழ 350 வாட் இழுக்கும். நாள் முழுக்க ஓடினால் 8 யூனிட்டுக்கு மேல். வெளிச்சம், விசிறி, ஃபிரிட்ஜ் மட்டும் கணக்கிட்டு அமைத்த சோலார் இதற்கு ஒரு இரவுகூடத் தாங்காது. இன்றைக்கே ஜெனரேட்டருக்குத் தனி மேடையும், சோலாரிலிருந்து ஜெனரேட்டருக்கு மின்சாரத்தை மாற்றும் சுவிட்சும் போட்டுவிடுங்கள். அதை வீட்டுக்குள்ளோ ஜன்னலுக்கு அருகிலோ மட்டும் வைக்காதீர்கள். விறகடுப்பானாலும் ஜெனரேட்டரானாலும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, படுக்கையறையில் அதற்கான அலாரம் வேண்டும்.

ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 60 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. பெய்தால் 600 லிட்டர், சேதாரம் போக 500 என்று வைத்துக்கொள்ளலாம். தொட்டி வீட்டைவிட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் பம்ப் இல்லாமலே 1 பார் அழுத்தம் கிடைக்கும். ஆனால் 1,000 லிட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. அதைச் சரிவின் விளிம்பில் நிறுத்தாதீர்கள். சரிவில் மரங்கள் அடியில் வளைந்து நின்றாலோ, மண்ணில் பிறைபோல் விரிசல் ஓடினாலோ நிலம் நகர்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். தாங்குசுவரில் நீர்த்துளைகளை விட மறந்தால், பின்னால் தேங்கும் நீரே சுவரைத் தள்ளிவிடும்.

இன்சுலினைப் பொறுத்தவரை குளிரும் ஆபத்துதான். ஒருமுறை உறைந்தது மறுபடி உருகினாலும் பயன்படாது. திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும்.

இருவர் வாழும் வீட்டில் எல்லா வேலையும் ஒருவருக்கே தெரிந்திருப்பது கடைசித் தவறு. ஜெனரேட்டரை இயக்குவது, சோலார் பிரேக்கரை எந்த வரிசையில் அணைப்பது, தண்ணீர் வால்வு எங்கே, வண்டியை மலையிறக்கத்தில் எந்த கியரில் ஓட்டுவது, இவை இருவருக்கும் கைவர வேண்டும். பிரேக்கர் வரிசையைப் பெரிய எழுத்தில் எழுதி இன்வெர்ட்டர் பக்கத்திலேயே ஒட்டுங்கள்.