ஆட்டோமேட்டிக் காரில் விநோதச் சத்தம்: கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் வழியில் ஒருநாள் என் காரின் முன்பக்கத்திலிருந்து ஊளையிடுவதைப் போன்ற சத்தம் வரத் தொடங்கியது. ஓட்டிப் பார்த்த மெக்கானிக், கியர்பாக்ஸை இறக்கினால்தான் தெரியும் என்று கூறிவிட்டார். இறக்காமலேயே காரணத்தைக் கண்டறிந்த முறையை இங்கே எழுதுகிறேன். டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள கார்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன் என்றாலும், சி.வி.டி. (பெல்ட்டின் உதவியால் கியர் விகிதத்தைப் படிகளின்றி மாற்றும்) கார்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ஏ.எம்.டி. (சாதாரண கியர்பாக்ஸின் கிளட்சையும் கியரையும் தானே இயக்கும்) கார்களில் கதவைத் திறந்ததும் கேட்கும் 'விர்ர்' என்ற ஒலி, கிளட்சை இயக்கும் பம்பு அழுத்தம் ஏற்றுவதால் வருவது, அது பழுதன்று.

முதலில் காரின் அடியில் பாருங்கள். அறுவடை முடிந்தபின் நம் பக்கத்துச் சாலைகளில் வைக்கோலும் உளுந்துச் செடியும் காயும். அவற்றின்மேல் ஏறிச் சென்ற காரின் ஆக்சிலில் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டில்) வைக்கோல் சுற்றிக்கொண்டு 'சரசர' என்று உரசும். சூடான புகைக்குழாயில் சிக்கினால் தீப்பற்றவும் கூடும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள்.

அடுத்து, பம்புசெட் ஓசை இல்லாத சமதளத்தில் காரை நிறுத்தி, எஞ்சின் சூடேறியபின், கைப்பிரேக்கைப் போட்டு, பிரேக் மிதியையும் அழுத்திக்கொண்டு சோதியுங்கள். 'பி' (பார்க்), 'என்' (நியூட்ரல்) நிலைகளில் ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தும்போது ஆர்.பி.எம். முள்ளோடு சத்தமும் ஏறினால், கியர்பாக்ஸ் பம்பையோ எண்ணெய்க் குறைவையோ அடைபட்ட வடிகட்டியையோ சந்தேகிக்கலாம். ஆனால் ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்கு மின்னேற்றும் கருவி) பேரிங்கும் இதேபோல் பாடும் என்பதால், மெக்கானிக்குகள் பயன்படுத்தும் ஸ்டெதஸ்கோப் ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது. நீண்ட ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்கும் பழக்கம், ஓடும் பெல்ட்டுக்கு அருகில் ஆபத்தானது என்பது என் கருத்து. 'என்' நிலையில் இல்லாத சத்தம், பிரேக்கை அழுத்தியபடி 'டி' (டிரைவ்) அல்லது 'ஆர்' (ரிவர்ஸ்) போட்டதும் வந்தால் டார்க் கன்வெர்ட்டரை ஆராய வேண்டும்.

இனி ஓட்டிப் பார்க்கும் சோதனை. நேரான, ஆளரவமற்ற சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தை மாறாமல் வைத்துக்கொண்டு, மேனுவல் நிலையில் ஒரு கியர் இறக்குங்கள். ஆர்.பி.எம். ஏறும், கார் வேகம் அப்படியே இருக்கும். சத்தத்தின் சுருதியும் கூடவே ஏறினால் அது எஞ்சினோடு சுழலும் ஏதோ ஒன்றிலிருந்து வருகிறது. ஏறாவிட்டால் டயர், வீல் பேரிங், டிஃபரென்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பகிர்ந்தளிக்கும் பல்சக்கரத் தொகுதி) ஆகியவற்றில் ஒன்று. என் காரில் ஏறவில்லை. பின் இருக்கையில் ஒருவரை அமர்த்தி ஃபோனில் ஒலிப்பதிவு செய்யச் சொல்லுங்கள். ஓட்டுபவரின் காது, தான் பயப்படுவதையே கேட்கும்.

நான் சறுக்கியது இதற்கு அடுத்த படியில். அதே வேகத்தில் ஸ்டீயரிங்கைச் சற்றே இடமும் வலமும் திருப்பினால், பழுதான பேரிங்கின்மேல் பாரம் ஏறும்போது ஊளை கூடும். எனக்கு வலப்பக்கம் திருப்பும்போது கூடியது. ஆகவே வலப்பக்கச் சக்கரம்தான் என்று முடிவு செய்து, புதிய பேரிங் வாங்கி மாற்றினேன். சத்தம் அப்படியே இருந்தது. கார் வலப்புறம் திரும்பும்போது பாரம் இடப்பக்கச் சக்கரங்களுக்கு அல்லவா மாறுகிறது! பேருந்து வலப்புறம் வளையும்போது நின்றுகொண்டிருப்பவர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்று ஒரு கணம் யோசித்திருந்தால் பேரிங்கின் விலையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் மிஞ்சியிருக்கும். முன் இடப்பக்கப் பேரிங்கை மாற்றியதும் ஊளை நின்றது. திருப்பினாலும் மாறாமல், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் மட்டும் மாறும் ஊளையானால் டிஃபரென்ஷியலைப் பார்க்கச் சொல்லுங்கள். முழு வளைவில் 'கடக் கடக்' என்றால் ஆக்சில் மூட்டுதான்.

கியர்பாக்ஸ் எண்ணெய் அளவைப் பார்க்கும் முறை காருக்குக் கார் மாறுபடும். பலவற்றில் டிப்ஸ்டிக்கே கிடையாது. உங்கள் காரின் கையேடு சொல்வதையே பின்பற்றுங்கள். சி.வி.டி.க்கு அதற்குரிய எண்ணெயைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது.

பின்சேர்க்கை: இதைப் படித்த திருத்துறைப்பூண்டி நண்பர் ஒருவர், ஐப்பசி மழையில் தேங்கிய நீரைக் கடந்து வந்த மறுநாள் தம் காரில் முனகல் சத்தமும் கியர் மாறும்போது உதறலும் ஏற்பட்டதாகத் தெரிவித்தார். கியர்பாக்ஸின் காற்றுத் துளை நீரில் மூழ்கினால் தண்ணீர் உள்ளே போகும். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் தெளிந்த சிவப்பாக இல்லாமல் ரோஸ் மில்க் நிறத்தில் தெரிந்தால், மேலே சொன்ன எந்தச் சோதனையையும் செய்யாதீர்கள், எஞ்சினையும் இயக்காதீர்கள். நான்கு சக்கரங்களும் தரையில் படாதபடி வண்டியின் மேல் ஏற்றியே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.